உறுதி நம் பேரில், கணக்கு யார் கையில்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில், பிற்பகல் அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். மேடையில் பேசியவர் ஒருவர். உரையைத் தயாரித்தவர்கள் பதினொரு பழைய மாணவிகள்.)



 

இந்த மேடையில் இன்று காலையில் இருந்து நம் பாடசாலையின் பெருமைகளைக் கேட்டுக் கொண்டிருக்கிறோம். வைத்தியர்கள், ஆசிரியைகள், நிருவாக சேவையில் இருப்பவர்கள் என்று நீண்ட பட்டியல். அல்ஹம்துலில்லாஹ். நாங்கள் பேச வந்தது அவ்வளவு உயரமான விசயம் அல்ல. வீடு, வளவு, வாடகை, கடன் பற்றித்தான் பேசப் போகிறோம். "நூற்றாண்டு விழாவில் இதைப் பேசுவதா?" என்று எங்களிலேயே இரண்டு பேர் கேட்டார்கள். அந்த இரண்டு பேரும்தான் இந்த உரையை அதிகம் திருத்தித் தந்தார்கள்.

நாங்கள் பதினொரு பேர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் என்று பல ஊர். வேறு வேறு வருசங்களில் படித்தவர்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஒருவர் வீட்டில் கூடுகிறோம். ஒவ்வொருவர் பேரிலும் ஒரு வீடாவது இருக்கிறது. சிலருக்கு வாடகைக்கு விட்ட மேல்மாடி, ஒருவருக்குச் சந்தியில் இரண்டு கடை அறை. தேநீர் முடிந்ததும் கொப்பிகள் வெளியே வரும். யார் கடன் எடுக்க யோசிக்கிறார், யாருடைய குடியிருப்பாளர் மூன்று மாதமாக வாடகை தரவில்லை, எந்த மேசனை நம்பலாம் என்று கேட்டு, சொல்லி, சண்டை பிடித்து, மஃரிபுக்கு எழும்பிப் போவோம்.

நம் கரையோரத்துப் பெண்களுக்குச் சொத்து புதிய விசயம் அல்ல. இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடு எழும்பத் தொடங்கிவிடும். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவார்கள். தாய்வழிக் குடி பார்த்துக் கலியாணம் முடிக்கும் இந்த வழக்கம் நம்மிடமும் நம் அயலூர்த் தமிழ்ச் சகோதரிகளிடமும் பொதுவாக இருப்பது. 1969இல் அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பெண் பேரில் வீடு என்பதற்காக உலகின் பல இடங்களில் பெண்கள் போராடிக் கொண்டிருக்கிறார்கள். நாம் அதைப் பிறக்கும்போதே எதிர்பார்த்துப் பிறக்கிறோம். அந்த வீட்டைக் கட்ட வாப்பாவும் காக்காமாரும் எத்தனை வருசம் கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கிறார்கள், சீதனம் என்ற பேரில் ஏழைக் குடும்பங்கள் என்ன பாடுபடுகின்றன என்பதையும் மறக்கவில்லை. அது தனியாகப் பேச வேண்டிய விசயம். இன்று நாங்கள் கேட்பது வேறு கேள்வி. வீட்டு உறுதி நம் பேரில் இருக்கிறது. அதன் கணக்கு யார் கையில் இருக்கிறது?

எங்கள் வட்டம் தொடங்கிய கதையைச் சொன்னால் இந்தக் கேள்வி விளங்கும். அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். பேர் வேண்டாம் என்றார்.

எங்களில் மூத்தவர், நாங்கள் எல்லோரும் ராத்தா என்று கூப்பிடுபவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு நெல் வியாபாரம். ஒரு போகம் பிழைத்துப் போனதில் கைமாற்றாகப் பதினைந்து இலட்சம் தேவைப்பட்டது. கொடுக்கச் சம்மதித்தவர் வீட்டை ஈடாகக் கேட்டார். ராத்தா ஒரு காலையில் போய் நொத்தாரிசின் மேசையில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். பத்து நிமிட வேலை. எழுதியிருந்ததை வாசிக்கவில்லை, வாசிக்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. "ஈடுதானே" என்று நினைத்தார்.

அது ஈட்டு உறுதி அல்ல. அறுதி விற்பனை உறுதி. பணம் திரும்பி வந்ததும் வீட்டைத் திருப்பி எழுதித் தருவதாக வாய்ச்சொல் மட்டும். நான்கு வருசத்தில் கடனில் பெரும்பகுதியைக் கட்டி விட்டார்கள். அந்த நேரம் கடன் கொடுத்தவர் மௌத்தாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள் உறுதியைப் பார்த்தார்கள். "இது எங்கள் வாப்பா விலைக்கு வாங்கிய வீடு" என்றார்கள். அவர்கள் பார்த்த கடதாசியில் அப்படித்தான் இருந்தது. ராத்தாவின் உம்மம்மா இருந்து, உம்மா இருந்து, தான் கலியாணம் முடித்து, நான்கு பிள்ளை பெற்ற வீடு. மகளுக்கென்று வைத்திருந்த வீடு.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. இப்படி எழுதப்பட்ட உறுதியில், உண்மையில் விற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று காட்ட முடிந்தால், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவின் கீழ் நிவாரணம் கேட்கலாம் என்று சட்டத்தரணி சொன்னார். வழக்கு எத்தனை வருசம் போகும் என்றும் சொன்னார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் இருந்து பேசித் தீர்த்தார்கள். ராத்தா தன் நகையையும் ஒரு துண்டு வயலையும் விற்று, தன் சொந்த வீட்டையே விலைக்கு வாங்கினார்.

அந்த வீட்டு முற்றத்தில்தான் எங்கள் முதலாவது கூட்டம் நடந்தது. அன்று ராத்தா சொன்னது: "எங்கட உம்மம்மா பெருவிரல் வச்சாங்க. நான் இங்கிலீசில கையெழுத்துப் போட்டன். வாசிக்காமல் போட்டா ரெண்டும் ஒண்டுதான் புள்ளயள்."

கையெழுத்துப் போடக் கற்றுத் தந்தது இந்தப் பாடசாலை. வாசிக்கவும் இங்கேதான் கற்றோம். அதனால்தான் இந்த விசயத்தை இந்த மேடைக்குக் கொண்டு வந்தோம்.

இனி நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொள்ளும் புத்திமதிகளுக்கு வருகிறோம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. உங்கள் விசயத்துக்கு உங்கள் சட்டத்தரணியைக் கேளுங்கள். ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து கொண்டு போங்கள்.

முதலாவது, உறுதி. இந்த நாட்டில் காணி கைமாற, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருந்து ஒப்பமிட்ட உறுதி வேண்டும். 1840ஆம் ஆண்டில் இருந்தே இதுதான் சட்டம். நம்மில் பலருடைய வீடு நன்கொடை உறுதியால் வந்தது. முஸ்லிம்களின் நன்கொடைக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பொருந்தும். அதில் இரண்டு விசயம் நமக்கு முக்கியம். மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தால் ஒழிய, அந்த நன்கொடையை மீளப்பெற முடியாத ஒன்றாகக் கருத முடியாது. அடுத்தது, உறுதியை மகளின் கையில் ஒப்படைப்பது, சொத்தின் இருப்பாட்சியை ஒப்படைத்ததற்கு அத்தாட்சி. ஆகவே "மகளுக்குத்தான் எழுதியிருக்கிறோம், உறுதி எங்கள் அலுமாரியில் இருக்கட்டும்" என்று சொல்லும் உம்மாமாரே, உறுதியை மகளிடம் கொடுங்கள். மகள்மாரே, அந்த "மீளப்பெற முடியாத" என்ற சொல் உங்கள் உறுதியில் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள்.

எழுதிய உறுதி பதியப்பட்டதா என்றும் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவுபடுத்தத் தேவையில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம்தான். நம் வகுப்புத் தோழிகளில் எத்தனை பேர் அன்று போனார்கள் என்பது நமக்குத் தெரியும். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக் கொள்வானாக. உயிரோடு மிஞ்சியவர்களின் உறுதிகள் கடலோடு போயின. அந்த நேரம், பதிந்த உறுதி வைத்திருந்தவர்கள் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தார்கள். பதியாதவர்கள் தங்கள் வளவுக்குத் தாங்களே சாட்சி தேடி அலைந்தார்கள்.

சுனாமியோடு இன்னொன்றும் நடந்தது. அதை நாம் அதிகம் பேசவில்லை. கடற்கரையில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு ஓர் எல்லை போட்டார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். இதற்கிடையில் பல குடும்பங்கள் புதிய குடியேற்றத் திட்டங்களுக்குப் போயின. கரையில் அழிந்த வீடு பெண் பேரில் இருந்தது. புதிய வீட்டுக்கான படிவத்திலோ "குடும்பத் தலைவர்" என்று ஓர் இடம் இருந்தது. அதில் கணவரின் பேர் எழுதப்பட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. படிவம் கேட்டது, எழுதினார்கள். உம்மம்மாவில் இருந்து மகளுக்கு வந்து கொண்டிருந்த வீடு அந்த ஒரு கோட்டில் கைமாறியது. எங்களில் ஒருவருக்கு அப்படி நடந்தது. கணவர் நல்லவர். விசயத்தை விளங்கப்படுத்தியதும், என்ன அனுமதி வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, வீட்டை மகள் பேருக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினார். எல்லாக் கணவரும் என்றைக்கும் உயிரோடு இருப்பதில்லை. நல்ல மனிதர் இருக்கும்போதே நல்ல கடதாசி எழுதி வையுங்கள்.

அரச காணியில், அனுமதிப் பத்திரத்திலோ அளிப்பிலோ இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பின்னுரித்தாளர் பேர் குறிக்காத காணியில் மகள்மாருக்கு முன்னே மகன்மாரை வைத்திருந்தது. 2022இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே பழைய அளிப்புப் பத்திரங்களில் பின்னுரித்தாளர் பேர் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, கடன். அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியும், சாட்சி வைப்பதைப் பற்றியும் சொல்கிறது. நாம் ஓதுகிறோம், பிறகு மச்சானுக்கு வாய்ச்சொல்லில் பத்து இலட்சம் கொடுக்கிறோம்.

வட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய கவலை. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, இஸ்லாமிய முறையிலான நிதி வசதிக்கு இந்த நாட்டில் வழி பிறந்தது. 2011இல் முழுமையாக அந்த முறையிலேயே இயங்கும் வர்த்தக வங்கி ஒன்றும் வந்தது. ஏனைய சில வங்கிகளும் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. வீட்டுக்குப் பெரும்பாலும் கிடைப்பது குறைந்து செல்லும் முஷாரகா. அதாவது நீங்களும் வங்கியும் கூட்டாக வீட்டுக்கு உரிமையாளர். வங்கியின் பங்குக்கு நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள். அந்தப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியும் வருகிறீர்கள். கடைசியில் வீடு முழுவதும் உங்களுடையது.

பேர் அரபியில் இருந்தால் மட்டும் எல்லாம் சரி என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். நாங்கள் எந்த வங்கிக்குப் போனாலும் ஐந்து கேள்வி கேட்போம். மாதத் தவணை இடையில் கூடுமா? கூடினால் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, எதை வைத்து? தவணை பிந்தினால் என்ன அறவிடுவீர்கள்? முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு? மதிப்பீடு, சட்டக் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்து முதல் நாளில் என் கையில் இருந்து போவது எவ்வளவு? பதிலை எழுதித் தரச் சொல்லிக் கேட்போம்.

தவணை கூடுவது சின்ன விசயம் அல்ல. ஒரு கணக்குப் பாருங்கள். இருபது இலட்சம் ரூபா, பத்து வருசத் தவணை. நூற்றுக்கு 12 வீதம் என்றால் மாதம் ஏறத்தாழ 28,700 ரூபா. அதே கடன் 24 வீதத்தில் மாதம் ஏறத்தாழ 44,100 ரூபா. இது பயமுறுத்துவதற்காகச் சொன்ன கணக்கு அல்ல. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வீதத்தில் கடன் எடுத்தவர்கள் எல்லோருக்கும் வீட்டுக்குக் கடிதம் வந்தது. ஆகவே எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். இன்றைய தவணையைக் கட்ட முடியுமா என்று பார்க்க மாட்டோம். அதன் ஒன்றரை மடங்கைக் கட்ட முடியுமா என்று பார்ப்போம். முடியாவிட்டால் தொகையைக் குறைப்போம், அல்லது சீட்டுப் போட்டுச் சேர்ப்போம்.

ஈடு வைத்த வீட்டைப் பற்றியும் ஒன்று. வழக்குப் பேசாமலே, பணிப்பாளர் சபையின் தீர்மானத்தின் பேரில் ஈட்டு ஆதனத்தை ஏலத்தில் விற்க, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பிறகு திருத்தங்களும் வந்திருக்கின்றன. உங்கள் கடனுக்கு எது பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். குறிப்பாகக் கணவரின் அல்லது மகனின் வியாபாரத்துக்காக நம் வீட்டை ஈடு வைக்கும்போது. வியாபாரம் அவருடையது, வீடு நம்முடையது. மார்க்கத்திலும் சரி, நாட்டுச் சட்டத்திலும் சரி, முஸ்லிம் மனைவியின் சொத்து மனைவியினுடையதுதான். உதவி செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கதீஜா நாயகி தன் செல்வத்தைக் கணவருக்காகச் செலவு செய்தவர். அதற்கு முன்னே தன் வியாபாரத்தைத் தானே நடத்தத் தெரிந்தவர். உதவி செய்யுங்கள், எவ்வளவு, எத்தனை வருசத்துக்கு, திருப்பிக் கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்று தெரிந்து செய்யுங்கள்.

மூன்றாவது, வாடகை. "வங்கியில் கடன் எடுத்து இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், வாடகையே கடனைக் கட்டிவிடும்" என்று வெளிநாட்டில் இருக்கும் தங்கைமார் அடிக்கடி கேட்கிறார்கள். லண்டனிலோ மெல்பனிலோ அது சரிவரலாம். நம் ஊரில் சரிவராது. காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வயல், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இவ்வளவு சனம். அந்த நிலத்துக்கு விலை சொல்வது வாடகைக்கு இருப்பவர் அல்ல, மகளுக்கு வீடு தேடும் உம்மா. அதனால் காணி விலை வானத்தில், வாடகை தரையில். உதாரணத்துக்கு ஒரு கோடி ரூபா வீட்டுக்கு மாதம் 30,000 ரூபா வாடகை வந்தால் வருசத்துக்கு மூன்று இலட்சத்து அறுபதாயிரம். நூற்றுக்கு 3.6 வீதம்தான். கடன் தவணையை அது ஒருநாளும் எட்டிப் பிடிக்காது.

ஆனால் ஏற்கனவே இருக்கும் வீட்டுக்கு மேலே கட்டினால் கணக்கு வேறு. காணிக்குக் காசு இல்லை, கட்டடத்துக்கு மட்டும்தான். ஒலுவில் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த வருசமே முழுப் பல்கலைக்கழகமானது. அதில் இருந்து அந்தப் பக்கத்தில் மாணவிகளுக்கு அறை தேவைப்பட்டுக் கொண்டே இருக்கிறது. கல்முனையில் வைத்தியசாலைகளில் வேலை செய்யும் வெளியூர் வைத்தியர்களும் தாதியரும் வீடு தேடுகிறார்கள். எங்கள் ஒலுவில் தோழி 2021இல் மேல்மாடியைத் தொடங்கினார். அடுத்த வருசம் சீமெந்து விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். நான்கு அறைத் திட்டத்தை நிறுத்தி, தூண்களை அப்படியே விட்டு, தகரக் கூரையோடு இரண்டு அறையை மட்டும் முடித்தார். மாணவிகள் வந்தார்கள். அந்த வாடகையில் மூன்றாவது அறை எழும்பியது. நான்காவது இன்னும் தூணாகத்தான் நிற்கிறது. "கடன் இல்லாத தூண்" என்று சிரிக்கிறார்.

மேலே கட்டும் முன் கீழே பாருங்கள். அத்திவாரமும் தூணும் இரண்டாம் மாடியைத் தாங்குமா என்று, மேசனை மட்டுமல்ல, ஓர் எந்திரியையும் கேளுங்கள். கடற்காற்றில் கம்பி துருப்பிடிக்கும். கழுவாத கடல் மணல் சேர்ந்த கொங்கிரீட்டில் இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கட்டட அனுமதி எடுங்கள். முடிந்ததும் இணக்கச் சான்றிதழையும் எடுங்கள். பிறகு விற்கவோ ஈடு வைக்கவோ போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். நம்முடையது மணல் நிலம். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் உங்கள் வளவு எவ்வளவு இடம் தருகிறது என்று பார்த்து, அதற்குப் பிறகு எத்தனை பேரைக் குடியமர்த்துவது என்று தீர்மானியுங்கள். பக்கத்து வீட்டுக் கிணறும் கிணறுதான்.

வாடகை ஒப்பந்தத்தை வெள்ளைக் கடதாசியில் எழுதி முத்திரை ஒட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறோம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் செல்லாது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிந்தும் எழும்பாதவரிடம் இருந்து வளவிடத்தை விரைவாக மீளப்பெற ஒரு வழி தந்திருக்கிறது. அந்த வழிக்குப் போகவும் ஒழுங்கான ஒப்பந்தம் வேண்டும். குடியிருப்பாளர் வரும் நாளில் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து, மின்மானி இலக்கத்தைக் குறித்து, இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள். அது சந்தேகம் அல்ல, மரியாதை. குடியிருப்பவரும் ஒருவருடைய மகள்தான். அவரிடம் முற்பணம் வாங்கினால் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். ஒழுக்கு என்று சொன்னால் மாரி முடியும் வரை காக்க வைக்காதீர்கள்.

வாடகைக் காசு வந்ததும் முழுவதும் நம் காசு என்று நினைப்பதுதான் எங்களுடைய பொதுவான பிழை. பத்தில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று வேறாக வையுங்கள். வருசத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும் என்று கணக்கில் எழுதுங்கள். ஒக்டோபரில், மாரிக்கு முன்னே, கூரையையும் பீலியையும் பாருங்கள். சோலைவரிப் பற்றுச்சீட்டை வருசவாரியாகக் கோவையில் போடுங்கள். இதெல்லாம் நம் வர்த்தக ஆசிரியை கரும்பலகையில் வரவு, செலவு என்று இரண்டு பக்கம் கீறிக் காட்டியதுதான். பரீட்சைக்கு எழுதினோம், வீட்டுக்கு எழுத மறந்து விட்டோம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு. ஊரில் உள்ள வீட்டைப் பார்க்க யாருக்காவது அற்றோணித் தத்துவம் கொடுப்பதாக இருந்தால், எல்லா அதிகாரமும் உள்ள பொதுத் தத்துவம் வேண்டாம். வாடகை அறவிட, வரி கட்ட, திருத்த வேலை செய்ய என்று குறிப்பிட்டு விசேட தத்துவம் கொடுங்கள். விற்கும் அதிகாரமும் ஈடு வைக்கும் அதிகாரமும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். சொந்தக்காரரைச் சும்மா குடியிருக்க விட்டாலும், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்று ஒரு கடதாசி எழுதுங்கள். உரிமையாளருக்கு எதிராகப் பத்து வருசம் தடையின்றி ஆட்சி செய்தவர் ஆட்சியுரிமை கேட்க நம் சட்டத்தில் இடம் இருக்கிறது. கடதாசி கேட்டால் மாமி கோபிப்பார் என்று பயப்படாதீர்கள். பத்து வருசத்துக்குப் பிறகு வரும் கோபம் இன்னும் பெரியது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்குவதற்குத் தடை உண்டு. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்கும், நெருங்கிய உறவினரிடம் இருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ பெறுபவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. காசு அனுப்பும் முன்னே கேட்டுக் கொள்ளுங்கள்.

சகோதரிகளே, இவ்வளவு நேரம் பேசியதைக் கேட்டு, "அப்படியானால் வீட்டில் யாரையும் நம்பக் கூடாதா?" என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் பதினொரு பேரில் ஒன்பது பேருடைய கணவர்மார் எங்களுக்கு முன்னே இந்த உரையை வாசித்தார்கள். ஒருவர் எழுத்துப்பிழை திருத்தினார். இன்னொருவர், "என் பேரில் இருக்கும் கடையை என்ன செய்யலாம்?" என்று யோசனை கேட்டார். கணக்கு வெளிச்சத்தில் இருக்கும் வீட்டில்தான் நம்பிக்கையும் நிம்மதியாக இருக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். உயர்தரம் முடித்து வெளியேறும் பிள்ளைகளுக்கு வருசத்துக்கு ஒரு பிற்பகல் தாருங்கள். உறுதி ஒன்றைக் கையில் கொடுத்து, யார் எழுதியது, யாருக்கு, எல்லைகள் எவை, என்ன நிபந்தனை, எங்கே பதியப்பட்டது என்று வாசிக்கப் பழக்குவோம். அந்த வகுப்பை நடத்த நாங்கள் பதினொரு பேரும் தயார். வகுப்பில் வாசிக்க உறுதியும் தயார். விற்று, திருப்பி வாங்கிய தன் வீட்டின் இரண்டு உறுதிகளையும் பிரதி எடுத்து, பேர்களை மறைத்துத் தருவதாக ராத்தா சொல்லியிருக்கிறார். "என்ட புள்ளயள் இதப் பாத்துப் படிச்சா, அந்த நகைக்கு நான் கவலைப்பட மாட்டன்" என்றார்.

அந்த வீடு இப்போது அவருடைய மகளின் பேரில் இருக்கிறது. மீளப்பெற முடியாத நன்கொடை. பதியப்பட்டது. உறுதி மகளின் அலுமாரியில். எழுதிய அன்று மகள் நொத்தாரிசின் மேசையில் இருந்து முழுவதையும் வாசித்தார். அதற்கு நாற்பது நிமிடம் எடுத்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

இந்தப் பாடசாலையைத் தொடங்கியவர்களுக்கும், நமக்கு எழுத்தறிவித்தவர்களுக்கும், நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.